காவலும் சான்றும்: பொலிஸ் சீர்திருத்த வரலாற்றில் ஆராய்ச்சியின் பங்கு

அரசின் கடமைகள் பலவற்றுள்ளும் காவலே தலையாயது என்பது நம் முன்னோர் கொள்கை. மன்னனையே காவலன் என்று வழங்கிய மொழி நம் மொழி. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, கூடல் மாநகரின் நள்ளிரவை வருணிக்குமிடத்துக் கள்வரின் போக்கை அறிந்து, காவற்கலை பற்றிய நூல்நெறியில் நின்று ஊரைக் காத்த காவலரைப் போற்றுகின்றது. காவலுக்குத் தோள்வலி மட்டும் போதாது, கற்றறிவும் வேண்டும் என்ற எண்ணம் தமிழர்க்குப் புதிதன்று என்பதற்கு இஃதொரு சான்றாகும்.

ஆயினும் அதே மதுரையில் நிகழ்ந்ததாகச் சிலப்பதிகாரம் கூறும் மற்றொரு காட்சியையும் நாம் மறத்தலாகாது. கோவலனைக் கண்ட காவலர், இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்று தயங்கினர். பொற்கொல்லனோ களவுநூல் கூறும் தந்திரங்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தோதி அவர்களுடைய தயக்கத்தைப் போக்கினான். காவலருள் ஒருவன் வாளை வீசினான். பின்னர்க் கண்ணகி சிலம்பை உடைத்த போதுதான் அதன் பரல் மாணிக்கம், அரசியின் சிலம்பிலுள்ள பரல் முத்து என்பது வெளிப்பட்டது. அங்கே நூலறிவுக்குக் குறைவில்லை. அந்நூலறிவு கண்முன் நிற்கும் இம்மனிதனுக்குப் பொருந்துமா என்று சோதித்துப் பார்க்கும் பொறுமைதான் இல்லாதிருந்தது. அந்தக் குறைபாட்டினால் ஓர் உயிர் மாண்டது. ஒரு நகரமே எரிந்தது.

காவற்றுறைக்கு வேண்டிய சான்று இரு வகைப்படும். குற்றஞ் சாட்டப்பட்டவனைப் பற்றிய சான்று ஒன்று. காவற்றுறை தன்னைப்பற்றித் தானே தேடவேண்டிய சான்று மற்றொன்று. நாம் கையாளும் முறை பயன் தருகின்றதா, மக்களுக்குத் தீங்கு செய்கின்றதா, நாம் எழுதிவைக்கும் பதிவு மெய்யானதா என்ற வினாக்களுக்கு விடையளிப்பது இரண்டாவது வகை. முதலாவது வகையை நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கேட்டு வந்துள்ளன. இரண்டாவது வகையைக் கேட்கும் வழக்கம் எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதை வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வரலாற்றின் முதல் அத்தியாயங்களுள் ஒன்று தமிழ்நாட்டிலேயே எழுதப்பட்டது. 1816ஆம் ஆண்டில் தோமஸ் மன்றோவின் கருத்தைத் தழுவிச் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட விதிகள், வரி வாங்கும் அதிகாரத்தையும் பொலிஸ் அதிகாரத்தையும் ஒரே கைகளில் ஒப்படைத்தன. மேலே கலெக்டர், அவர்க்குக் கீழே தாசில்தார், ஊரிலே மணியகாரர் என்ற வரிசையில் நின்றவர்களே நிலவரியையும் வசூலித்தனர்; கள்வரையும் பிடித்தனர். வரி கட்டாதவனிடமிருந்து பணத்தையும், குற்றஞ் சாட்டப்பட்டவனிடமிருந்து வாக்குமூலத்தையும் கறப்பதற்கு ஒரே கருவிகள் பயன்பட்டன. விரல்களை இரு கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கும் கிட்டி அவற்றுள் ஒன்று. உடலை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள் மற்றொன்று. இச்செய்திகள் 1854ஆம் ஆண்டு யூலை மாதத்தில் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் வாதத்துக்குட்பட்டன. அதன் விளைவாக எலியட், ஸ்ரோக்ஸ், நோட்டன் ஆகிய மூவரைக் கொண்ட ஓர் ஆணைக்குழு சென்னையில் நியமிக்கப்பட்டது.

அவ்வாணைக்குழு செய்த பணி எளிமையானது. ஆனால் அக்காலத்தில் அரிது. பாதிக்கப்பட்டோர் நேரிலே வந்தும் கடிதம் மூலமும் முறையிடலாம் என்று அது அறிவித்தது. குறுகிய காலத்துள் ஏறக்குறைய 2000 முறைப்பாடுகள் குவிந்தன. நெடுந்தூரம் நடந்தே வந்து சாட்சியமளித்த குடியானவரும் உளர். 1855ஆம் ஆண்டில் வெளியான அறிக்கை, சித்திரவதை நடைபெற்றது உண்மையே, அது ஆங்காங்கு நிகழ்ந்த தனிச் செயலன்று, நிருவாக முறையோடு பின்னிக்கிடந்த வழக்கம் என்று கூறிற்று. வரி வசூலையும் பொலிஸ் அதிகாரத்தையும் பிரிக்கவேண்டும் என்பது அதன் முக்கியமான முடிவுகளுள் ஒன்றாகும்.

இவ்வறிக்கையின் குறையையும் கூறுதல் வரலாற்றாசிரியன் கடமை. குற்றமனைத்தையும் சுதேச உத்தியோகத்தர் தலையிற் சுமத்தி, அவர்களுக்கு மேலிருந்த ஐரோப்பிய அதிகாரிகளை அது பெரும்பாலும் விடுவித்தது. தாங்கொணா வரியை விதித்த அரசே அவ்வுத்தியோகத்தரை ஏவியது என்ற உண்மையை அது போதிய அளவு நோக்கவில்லை. இம்முரண்பாட்டைக் கார்ல் மார்க்ஸ் 1857ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்கப் பத்திரிகையிற் சுட்டிக்காட்டினார். ஆராய்ச்சி செய்பவனை நியமிப்பவர் யார் என்பதையும் நாம் கேட்கவேண்டும் என்பது இதனாற் பெறப்படும் படிப்பினை.

எனினும் அறிக்கை வீண்போகவில்லை. 1859ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் சென்னை மாகாணத்தில் வரி உத்தியோகத்தரினின்றும் வேறான பொலிஸ் படையை அமைத்தது. வில்லியம் றொபின்சன் அதன் தலைவரானார். 1861ஆம் ஆண்டின் இந்தியப் பொலிஸ் சட்டம் அதே கொள்கையை ஏனைய மாகாணங்களுக்கும் விரித்தது. அதே ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைக் கோவை, பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளிக்கப்படும் குற்ற ஒப்புதலை வழக்கிற் சான்றாக ஏற்கக்கூடாதெனத் தடுத்தது. ஸ்ரீபன் வகுத்த 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் அத்தடையைத் தன் 25ஆம் பிரிவில் நிலைநிறுத்திற்று. இலங்கையின் 1895ஆம் ஆண்டு 14ஆம் இலக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டம் அந்த இந்தியச் சட்டத்தைப் பின்பற்றியே வரையப்பட்டது. ஆதலால் அதன் 25ஆம் பிரிவும் அதனையே கூறுகின்றது. சென்னையில் முறையிட்ட குடியானவரின் சொல், நாற்பது ஆண்டுகளின் பின் பாக்குநீரிணையைக் கடந்து நம் நாட்டவர்க்கும் அரணாயிற்று என்றால் மிகையாகாது.

அவ்வரணில் விரிசலும் ஏற்பட்டது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகரும் அவருக்கு மேற்பட்டோரும் பெறும் ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்க இடமளித்தது. அது வலுக்கட்டாயத்தினாற் பெறப்பட்டதென மெய்ப்பிக்கும் பொறுப்பையும் குற்றஞ் சாட்டப்பட்டவர்மீதே வைத்தது. ஆராய்ந்து பெற்ற ஒரு முடிவை அச்சமிகுந்த காலம் எத்துணை எளிதிற் கைவிட்டுவிடும் என்பதற்கு இதனினும் தெளிந்த உதாரணம் வேண்டியதில்லை.

இனி வங்காளத்துக்குச் செல்வோம். 1858ஆம் ஆண்டில் வில்லியம் ஹேர்ஷல் என்ற சிவில் உத்தியோகத்தர், ஒப்பந்தமொன்றிற் கையெழுத்துக்குப் பதிலாக ஒருவரின் கைப்பதிவைப் பெற்றார். பல ஆண்டுகள் சோதித்து, விரல்வரைகள் காலத்தால் மாறுவதில்லை என்று கண்டார். 1892ஆம் ஆண்டில் பிரான்சிஸ் கோல்ற்றன் விரற்பதிவுகளைப் பற்றி நூலெழுதினார். ஆனால் ஆயிரக்கணக்கான பதிவுகளுள் வேண்டிய ஒன்றை எவ்வாறு தேடியெடுப்பது என்ற சிக்கல் எஞ்சிநின்றது. வங்காளப் பொலிஸ் தலைவர் எட்வேட் ஹென்றியின் கீழ்ப் பணியாற்றிய அஸிஸுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் ஆகிய இருவரும் அச்சிக்கலை அவிழ்க்கப் பெரிதும் உழைத்தனர். விரல்வரைகளைக் கணிதமுறையில் வகுத்துப் பதிவுகளை 1024 அறைகளிலே பகுக்கும் முறை அவ்வாறு உருவாயிற்று. அம்முறை ஹென்றியின் பெயராலேயே உலகெங்கும் வழங்கலாயிற்று. உழைத்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் ஒருவர் என்பது குடியேற்ற ஆட்சியில் வழமையே.

நம் விடயத்துக்கு முக்கியமானது இதன் பின் நிகழ்ந்ததாகும். அக்காலத்திற் பேர்ட்டில்லன் என்ற பிரெஞ்சு அறிஞரின் உடலளவை முறை புகழ்பெற்றிருந்தது. எது சிறந்தது என்பதைத் தலைவரின் விருப்பப்படி தீர்மானிக்காமல், 1897ஆம் ஆண்டில் ஒரு குழுவை நியமித்து இரு முறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். குழு விரற்பதிவுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே கல்கத்தாவில் விரற்பதிவு நிலையம் அமைந்தது. இலண்டன் ஸ்கொட்லாந்து யார்டில் 1901இலேதான் அமைந்தது. 1898ஆம் ஆண்டில் ஜல்பைகுரித் தேயிலைத் தோட்டமொன்றில் முகாமையாளர் கொலையுண்டபோது, பஞ்சாங்கமொன்றிற் பதிந்த பெருவிரலடையாளம் முன்னைநாள் வேலையாளொருவனைக் காட்டிக்கொடுத்தது. நீதிமன்றமோ களவுக்கு மாத்திரம் அவனைக் குற்றவாளியாகக் கண்டது. கொலைக்கு அவ்வடையாளம் போதிய சான்றாகாது எனக் கருதிற்று. சான்றின் வலிமையையும் அதன் எல்லையையும் ஒருங்கே அளந்த தீர்ப்பு அது.

விரற்பதிவின் கதைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. 1900ஆம் ஆண்டில் ஹென்றி தென்னாபிரிக்காவுக்கு அனுப்பப்பட்டு அங்குப் பொலிஸ் சேவையைச் சீரமைத்தார். சில ஆண்டுகளின் பின், திரான்ஸ்வால் அரசு, குற்றமெதுவும் செய்யாத இந்தியர் அனைவரும் விரற்பதிவளித்துத் தம்மைப் பதிந்துகொள்ளவேண்டுமெனக் கட்டளையிட்டது. 1906ஆம் ஆண்டில் அதை எதிர்த்தெழுந்ததே காந்தியடிகளின் சத்தியாக்கிரகம். அப்போராட்டம் வளர்ந்து 1913ஆம் ஆண்டில் தலைவரியையும் திருமணச் சட்டத்தையும் எதிர்த்து நடைபெற்றபோது சிறைசென்று, நோயுற்று, 1914ஆம் ஆண்டு பெப்ரவரியில் உயிர்நீத்தவள் வள்ளியம்மை என்ற பதினாறு வயது நங்கை. அவளுடைய பெற்றோரின் ஊர் தமிழகத்துத் தில்லையடி. நான் வாழும் புத்தளத்துத் தில்லையடிக்கும் அவ்வூருக்கும் பெயரொற்றுமை மாத்திரமே உண்டு. ஆயினும் ஒரே கருவி கொலைகாரனைக் கண்டுபிடிக்கவும் ஓரினத்தைத் தாழ்த்தவும் பயன்பட்டது என்பதை நினைக்குந்தோறும் அவள் பெயர் என் உள்ளத்தில் எழுகின்றது. ஆராய்ச்சி கருவியைத் தரும். அதை எவர்மீது, எதன்பொருட்டுப் பயன்படுத்தலாம் என்பதை அறமும் சட்டமுமே தீர்மானிக்கவேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆராய்ச்சி அடுத்த படிக்கு ஏறியது. பொலிசாரின் அன்றாட வழக்கங்களே சோதனைக்குட்பட்டன. அமெரிக்காவின் கான்சஸ் நகரில் 1972, 1973ஆம் ஆண்டுகளில் 15 காவற்பகுதிகள் மூன்று கூட்டங்களாகப் பிரிக்கப்பட்டன. ஒன்றில் வழமையான சுற்றுக்காவல் நீக்கப்பட்டு, அழைப்பு வந்தாற் செல்வதோடு நிறுத்தப்பட்டது. மற்றொன்றில் அது இருமடங்கு, மும்மடங்காக்கப்பட்டது. மூன்றாவதில் மாற்றமில்லை. முடிவில் மூன்றுக்குமிடையே குற்றத்திலோ மக்களின் அச்சத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பொலிஸ் வண்டி சும்மா சுற்றிவந்தாற் குற்றம் குறையும் என்று உலகம் நம்பியிருந்தது. அந்நம்பிக்கைக்குச் சான்றில்லை என்று தெரிந்தது. பின்னர் மினியாப்பொலிஸ் நகரிற் செய்த ஆய்வு, பொலிசாருக்கு வந்த அழைப்புகளில் அரைவாசி, நகரின் முகவரிகளுள் நூற்றுக்கு மூன்றளவானவற்றிலிருந்தே வந்தன என்று காட்டிற்று. குற்றம் செறிந்த சிற்றிடங்களிற் காவலைச் செறிவித்தல் பயன்தரும் என்பதும் அதன்பின் அதே நகரில் நடைபெற்ற சோதனையால் தெரியவந்தது.

ஆனால் ஓரிடத்தின் முடிவை எல்லாவிடத்துக்கும் விதியாக்குதல் ஆபத்தாகும். அதே மினியாப்பொலிசில் 1981, 1982ஆம் ஆண்டுகளில் மனைவியை அடித்த ஆடவர் தொடர்பான 314 சம்பவங்கள் ஆராயப்பட்டன. அறிவுரை கூறுவதையும், சில மணி நேரம் வீட்டைவிட்டு அகற்றுவதையும்விடக் கைது செய்தலே மீண்டும் அடிப்பதைக் குறைத்தது என்பது முடிவு. பல மாநிலங்கள் அதனை விரைந்து பின்பற்றின. ஏனைய நகரங்களில் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது முடிவுகள் ஒன்றுபடவில்லை. மில்வோக்கி நகரில் வேலையற்ற ஆடவரிடையே கைது வன்முறையைக் கூட்டியதாகவும் தெரிந்தது. பொற்கொல்லன் ஓதிய களவுநூல் எல்லாக் கள்வர்க்கும் பொதுவாயிருக்கலாம். கோவலனுக்கு அது பொருந்தவில்லை. ஆராய்ச்சி முடிவும் அத்தன்மையதே. இடமறிந்து, மக்களறிந்து மீண்டும் சோதிக்கவேண்டும்.

நம் அண்டை நாட்டு அனுபவம் நமக்கு இன்னும் நெருங்கியது. இராஜஸ்தானில் 2005ஆம் ஆண்டுக்கும் 2008ஆம் ஆண்டுக்கும் இடையில் 11 மாவட்டங்களைச் சேர்ந்த 162 பொலிஸ் நிலையங்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ முதலிய பொருளியலறிஞர், மாநிலப் பொலிசாருடன் இணைந்து ஆய்வு நடத்தினர். பொலிசாருக்குப் பயிற்சியளித்தல் பயன்தந்தது. ஊரவரைப் பார்வையாளராக நிலையத்தில் இருத்துதல், கடமைகளை முறைமாற்றி வாராந்த ஓய்வளித்தல் போன்ற திட்டங்களோ இடைநிலை அதிகாரிகளின் ஒத்துழைப்பின்மையாற் சரிவர நிறைவேறவில்லை. நல்ல திட்டம் தாளில் இருந்தாற் போதாது என்பது இதனால் விளங்கும். இவ்வாய்வில் என் கருத்தைப் பெரிதும் கவர்ந்தது வேறொன்று. ஆய்வாளர் சிலர் சாதாரணக் குடிமக்கள்போற் சென்று களவு முதலியவற்றை முறையிட்டு, நிலையத்தார் அவற்றைப் பதிய முன்வருகின்றனரா என்று பார்த்தனர். இத்தகைய சோதனையாளர் வருவர் என்ற நிலை ஏற்பட்டபின், முறைப்பாட்டைப் பதிய மறுக்கும் வழக்கம் குறைந்தது. மத்தியப் பிரதேசத்தில் 180 நிலையங்களை ஒப்பிட்டு நடத்தி, 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றோர் ஆய்வும் இதனையடுத்துக் குறிப்பிடத்தக்கது. பெண்களுக்கென உதவி மேசை அமைத்த நிலையங்களில், சிறப்பாகப் பெண் உத்தியோகத்தர் அமர்ந்த இடங்களில், பெண்களின் முறைப்பாடுகள் கூடுதலாகப் பதிவாயின என்று அது காட்டிற்று.

இவ்விரு ஆய்வுகளும் ஓர் அடிப்படை உண்மையைச் சுட்டுகின்றன. பொலிஸ் நிலையத்துப் பதிவேடு குற்றங்களின் கணக்கன்று. பதியப்பட்ட முறைப்பாடுகளின் கணக்கு மாத்திரமே. எவருடைய குரல் மேசையைக் கடந்து ஏட்டில் ஏறுகின்றதோ அவருடைய துன்பமே கணக்கில் வரும். இவ்வுண்மையை நான் நூலிற் படிப்பதற்கு முன்பே அனுபவத்தால் அறிந்தேன்.

1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பலர் புத்தளத்தை வந்தடைந்தனர், தில்லையடியிலும் குடியேறினர். என்னிடம் பயின்ற ஒரு மாணவனின் தாயார் அவ்வாறு வந்த குடும்பத்தவர். ஒரு நாள் அவர் வீட்டிற் புகுந்து எவரோ நகையைக் களவாடிச் சென்றனர். அவர் பொலிஸ் நிலையமொன்றிற்குச் சென்று முறையிட்டுவிட்டு, மறுநாள் பிரதியை என்னிடம் கொண்டுவந்தார். "எழுதினதை வாசிச்சுக் காட்டல்ல சேர், ஒப்பம் வைக்கச் சொன்னாங்க, வச்சிட்டேன்" என்றார். எனக்குத் தெரிந்த சிங்களத்தைக்கொண்டு வாசித்தேன். நகை களவுபோனது என்று அங்கே எழுதப்பட்டிருக்கவில்லை. காணாமற் போனது என்றிருந்தது. அன்று கடமையிலிருந்த உத்தியோகத்தருக்குத் தமிழ் தெரியாது. வெளியே நின்ற முச்சக்கரவண்டிச் சாரதி ஒருவர் தமக்குத் தெரிந்தவாறு மொழிபெயர்த்துள்ளார். உத்தியோகத்தர் தீய எண்ணத்தோடு எழுதினார் என்று நான் கருதவில்லை. அடுத்த வாரம் நான் உடன்சென்று விளக்கியபோது மறுவாக்குமூலம் எழுத அவர் மறுக்கவுமில்லை. நகை கிடைக்கவில்லை. ஆனால் அது களவு என்ற சொல்லாவது ஏட்டில் ஏறியது.

இச்சிறு நிகழ்ச்சியை எண்ணிப் பாருங்கள். நான் உடன்செல்லாதிருப்பின் அக்களவு நாட்டின் கணக்கில் இல்லை. கள்வனைத் தேடவேண்டிய கடமையும் எவருக்கும் இல்லை. குற்றம் செறிந்த இடங்களைப் பதிவேட்டைக்கொண்டு வரைபடமாக்கினால் அத்தெரு களவற்ற தெருவாகவே தோன்றும். நாளை எத்தகைய நுண்ணிய கணக்கியல் வந்தாலும், கணிப்பொறியே வந்தாலும், அடியில் இருக்கும் பதிவு பிழையாயின் மேலே எழும் முடிவும் பிழையே. மொழியுரிமை என்பது மானத்தின் விடயம் மாத்திரமன்று, சான்றின் விடயமுமாகும்.

சட்டத்தில் இதற்கு இடமில்லாமலில்லை. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011ஆம் ஆண்டிற் சமர்ப்பித்த அறிக்கை, பொலிஸ் நிலையங்களில் இருபத்துநான்கு மணி நேரமும் இருமொழி அறிந்த உத்தியோகத்தர் இருத்தல் வேண்டும் என்றும், முறையிடுபவர் தாம் விரும்பும் மொழியில் வாக்குமூலத்தைப் பதிவிக்க உரிமையுடையவர் என்றும் விதந்துரைத்தது. நம் நாட்டில் ஆணைக்குழு அறிக்கைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றை நிறைவேற்றும் நிறுவனங்கள் நிலைத்து நிற்பதே அரிதாயுள்ளது. 2001ஆம் ஆண்டின் 17ஆம் திருத்தத்தாற் சுதந்திரமான தேசிய பொலிஸ் ஆணைக்குழு தோன்றியது. 2010ஆம் ஆண்டின் 18ஆம் திருத்தம் அதன் வலிமையைக் குறைத்தது. 2015ஆம் ஆண்டின் 19ஆம் திருத்தம் அதனை மீட்டது. 2020ஆம் ஆண்டின் 20ஆம் திருத்தம் சுதந்திரமாக உறுப்பினரை நியமிக்கும் முறையை மீண்டும் அகற்றியது. 2022ஆம் ஆண்டின் 21ஆம் திருத்தம் அம்முறையை மறுபடி நிறுவியது. இத்துணை விரைவிற் கட்டியும் குலைத்தும் வந்தால், எம்முறை பயன்தந்தது என்று ஆராய்வதற்குக் கூட அவகாசமில்லை.

ஆகவே செய்யத்தக்கது யாது? பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஒரு மாவட்டத்துச் சில நிலையங்களில் தமிழறிந்த உத்தியோகத்தரை இரவும் பகலும் அமர்த்தி, வாக்குமூலத்தை முறையிடுபவரின் மொழியில் எழுதி, ஒப்பத்தின் முன் வாசித்துக்காட்டச் செய்யலாம். வேறு சில நிலையங்களை வழமைபோல் விட்டு, ஓராண்டின் பின் இரண்டையும் ஒப்பிடலாம். எத்தனை முறைப்பாடுகள் பதிவாயின, எத்தனை நீதிமன்றம் சென்றன, முறையிட்டவர் மீண்டும் வரத் துணிவாரா என்று கேட்டு விடைகளை வெளியிடலாம். பயன் கண்டால் விரிக்கலாம்; காணாவிடிற் காரணம் தேடலாம். 1897ஆம் ஆண்டிற் கல்கத்தாவில் இரு முறைகளை ஒப்பிட இயன்றதெனின், இன்று புத்தளத்தில் ஏன் இயலாது?

இக்கல்லூரி மாணவர்களுள் சிலர் நாளை பொலிஸ் சேவையிற் சேரலாம், சிலர் வழக்கறிஞராகலாம், சிலர் புள்ளிவிவரங்களை ஆராய்பவராகலாம். அவர்கள் நினைவில் வைக்கவேண்டியது ஒன்றுண்டு. 1855ஆம் ஆண்டில் ஓர் அரசை அசைத்தது, முறையிட வந்தோரின் சொல்லை எவரோ பொறுமையோடு கேட்டு, உள்ளபடி எழுதியமையே. கேட்பதும் உள்ளபடி எழுதுவதும் எல்லா ஆராய்ச்சிக்கும் தொடக்கம். அத்தொடக்கம் நேர்மையாயின், சிலம்பு உடைபடும்வரை உண்மை காத்திருக்க வேண்டியதில்லை.